ஊசல் தராசு: உள்ளே ஸ்பிரிங் இல்லை, ஒரு குண்டுதான்

முள்ளும் எண் போட்ட தகடும் உள்ள எந்தத் தராசைப் பார்த்தாலும் “ஸ்பிரிங் தராசு” என்று சொல்லிவிடுவது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. கடலூர் முதுநகர்ப் பக்கம் மீன் எடை போடக் கொக்கியில் தொங்கவிடும் வட்டமுகத் தராசு, பழைய தொழிற்கூடத்து மூலையில் நிற்கும் ஆளுயர டயல் தராசு, புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய சாமான்களுக்கு நடுவே எப்போதாவது கண்ணில் படும் பித்தளைக் கடிதத் தராசு, எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர்தான். முதலாவது உண்மையிலேயே ஸ்பிரிங்தான். பின்னால் சொன்ன இரண்டும் பெரும்பாலும் வேறு சாதி. அவற்றுக்குள் இருப்பது ஒரு குண்டு. அது சாய்வதை வைத்தே எடை தெரிகிறது. அதனால்தான் ஊசல் தராசு அல்லது பெண்டுலம் தராசு என்று பெயர்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது. “ஸ்பிரிங் தளர்ந்துபோச்சு” என்று நினைத்து ஒருவர் மூடியைத் திறக்கிறார். உள்ளே ஸ்பிரிங் இல்லை. கைக்கு அகப்பட்ட நட்டைத் திருகி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, சரியாகிவிட்டது என்று மூடிவிடுகிறார். பூஜ்யம் சரியாக நிற்கும். இரண்டு கிலோவில் 35 கிராம் போயிருக்கும். இது எப்படி நடக்கிறது என்பதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

“ஊசல்” என்றதும் சுவர்க் கடிகாரம் நினைவுக்கு வருவதும் ஒரு குழப்பம். கடிகாரத்தில் குண்டு ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். தராசில் ஆடக் கூடாது. ஒரு பக்கம் சாய்ந்து, அங்கேயே நிற்க வேண்டும். அது நிற்கும் கோணம்தான் எடை.

கல் மாறுகிறதா, இடம் மாறுகிறதா?

நமக்குப் பழகிய மூன்று தராசுகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். இரட்டைத் தட்டுத் தராசில் கல்லை மாற்றுகிறோம்: அரைக் கிலோவை எடுத்துவிட்டு ஒரு கிலோவை வைக்கிறோம். வெள்ளிக்கோலில் குண்டு ஒன்றே. குண்டையோ, கோலைத் தூக்கிப் பிடிக்கும் கயிற்றையோ நகர்த்தி, கோல் நேராக நிற்கும் இடத்தைத் தேடுகிறோம். ஊசல் தராசிலும் குண்டு ஒன்றே. ஆனால் கோலில் அது எங்கே பூட்டியிருக்கிறதோ அங்கேயேதான் இருக்கும். நகர்த்த ஆள் வேண்டாம். பாரம் ஏற ஏற கோலே சாய்ந்துகொடுத்து, குண்டை வெளியே கொண்டுபோகிறது.

வெளியே போனால் என்ன? ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள், பிறகு கையை நீட்டித் தூக்குங்கள். வாளியின் எடை அதேதான். ஆனால் நீட்டிய கையில் தோள் கடுக்கிறது. தோளிலிருந்து வாளி தொங்கும் இடம்வரை உள்ள கிடைத் தூரம் கூடியதே காரணம். எடையை இந்தக் கிடைத் தூரத்தால் பெருக்கி வருவதற்குத் திருப்புத்திறன் என்று பெயர். பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் அதே சொல்தான். 500 கிராம் குண்டு அச்சிலிருந்து 100 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் அதன் திருப்புத்திறன் 50,000 கிராம்-மில்லிமீட்டர்.

இப்போது கொத்தனாரின் தூக்குக்குண்டை எண்ணிப் பாருங்கள். நேராகத் தொங்கும்போது அது எந்தப் பக்கமும் திருப்ப முயலாது. கிடைத் தூரம் பூஜ்யம். ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளினால் லேசாக எதிர்க்கும். இன்னும் தள்ளினால் இன்னும் எதிர்க்கும். ஊஞ்சலில் குழந்தையைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்திருக்கும் அப்பாவுக்கும் இது தெரியும். ஊசல் தராசு முழுக்க இந்த எதிர்ப்பின் மேல்தான் நிற்கிறது: சாயச் சாயக் குண்டு கூடுதலாக எதிர்க்கும், பாரமும் குண்டும் சரிக்குச் சரி ஆகும் கோணத்தில் எல்லாம் நின்றுவிடும்.

உள்ளே என்னென்ன இருக்கிறது

மிக எளிய ஊசல் தராசில் அசையும் பாகம் ஒன்றுதான். ஒரே உலோகத் துண்டு, நடுவில் ஒரு கத்திமுனை. கத்திமுனை என்பது முக்கோணமாகத் தீட்டிய எஃகுக் கட்டை. அதன் கூர்விளிம்பு கடினமான ஒரு தாங்கியில் உட்கார்ந்து, உராய்வு மிகக் குறைந்த அச்சாக வேலை செய்யும்.

அந்தத் துண்டிலிருந்து கைகள் பிரிகின்றன. படுக்கையாக ஒரு பக்கம் நீளும் கை, பாரக் கை. அதன் நுனியில் இன்னொரு கத்திமுனை, அதில் தட்டு அல்லது கொக்கி. கீழே தொங்கும் கை, குண்டுக் கை. அதன் அடியில் குண்டு. இரண்டுக்கும் இடையில் சரியாக 90 பாகை. பாரக் கைக்கு நேர் எதிரே, அதே கோட்டில், ஒரு குட்டைக் கையும் உண்டு. அதில் திருகாணியில் ஒரு சிறு எதிர்க்கல் இருக்கும். காலித் தட்டின் எடையைச் சமன்செய்வது அதன் வேலை. இவற்றோடு சேர்ந்து சுழலும் முள், அசையாமல் அடித்தளத்தில் பூட்டிய எண்தகடு, அடியில் திருகிச் சரிசெய்யும் கால்கள். அவ்வளவுதான்.

தட்டு கீழே தொங்காமல் மேலே உட்கார்ந்திருக்கும் கடிதத் தராசுகளில் கூடுதலாக ஒரு இணைப்புக் கம்பி உண்டு. தட்டின் தண்டும் கம்பியும் கையும் சேர்ந்து ஓர் இணைகரமாக அமைவதால் தட்டு சாயாமல் மேலும் கீழும் போகிறது. ரோபெர்வால் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1669-ல் பாரிஸில் முன்வைத்த ஏற்பாடு இது. நம் மளிகைக் கடை மேசைத் தராசிலும் இதுதான். இந்த இணைகரத்தின் எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இல்லாவிட்டால், பொருளைத் தட்டின் நடுவில் வைத்தால் ஒரு எடை, ஓரத்தில் வைத்தால் இன்னொரு எடை காட்டும்.

எண்களில் பார்த்தால்

ஒரு தராசை நாமே அமைத்துப் பார்க்கலாம். பாரக் கை 40 மி.மீ. குண்டு 500 கிராம், அச்சிலிருந்து 160 மி.மீ. கீழே. கைகளின் சொந்த எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். தட்டும் எதிர்க்கல்லும் சமனாகிவிட்டன என்று வைத்துக்கொள்வோம்.

தட்டில் பாரம் வைத்ததும் பாரக் கை இறங்குகிறது, குண்டு எதிர்ப்பக்கம் ஏறுகிறது. இறங்க இறங்க பாரத்தின் கிடைத் தூரம் குறைகிறது. குண்டின் கிடைத் தூரம் கூடுகிறது. இரண்டு திருப்புத்திறனும் சமமாகும் கோணத்தைக் கணக்கிட்டால் விடை அழகாக வருகிறது: அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட், பாரத்தை (கிராமில்) 2000-ஆல் வகுத்த எண். இந்த 2000 எங்கிருந்து வந்தது? குண்டின் எடை 500-ஐ அதன் தூரம் 160-ஆல் பெருக்கி, பாரக் கையின் 40-ஆல் வகுத்தது.

ஆக, 500 கிராமுக்கு முள் 14 பாகை நகரும். 1 கிலோவுக்கு 26.6. ஒன்றரைக் கிலோவுக்கு 36.9. 2 கிலோவுக்கு 45. 4 கிலோ வைத்தால் 63.4 பாகை, 6 கிலோவுக்கு 71.6.

முதல் அரைக் கிலோ 14 பாகை எடுத்துக்கொண்டது. ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ வரையிலான அரைக் கிலோவுக்குக் கிடைத்தது 8 பாகைதான். முள்ளின் நீளம் 200 மி.மீ. என்றால் முதல் அரைக் கிலோ தகட்டில் ஐந்து சென்டிமீட்டர் இடம் பிடிக்கும். நான்காவது அரைக் கிலோவுக்கு மூன்று சென்டிமீட்டர்கூடக் கிடைக்காது. நான்கிலிருந்து ஆறு வரை இரண்டு கிலோவும் சேர்ந்து 8 பாகைக்குள் நெருக்கியடித்து உட்காரும். பழைய கடிதத் தராசில் கோடுகள் ஒரு முனையில் விலகியும் மறுமுனையில் நெருங்கியும் இருப்பதைப் பார்த்து, “தகடு போட்டவன் கோணலாகப் போட்டுவிட்டான்” என்று சொல்வார்கள். கோணல் இல்லை. கோடுகள் சம இடைவெளியில் இருந்தால்தான் அந்த எளிய தராசில் தவறு.

சுருக்கமாக: குண்டின் எடையும் அதன் தூரமும் பெருக்கி வரும் எண்தான் தராசின் கொள்ளளவை முடிவு செய்கிறது. பாரத்துக்கும் கோணத்துக்கும் உள்ள உறவு நேர்கோடு அல்ல. பூஜ்யத்தின் பக்கம் விரிவு, மேலே போகப் போக நெருக்கம்.

நெருக்கம் நல்லதாகும் இடம், கெட்டதாகும் இடம்

நூல் நம்பர் பார்க்கும் தராசுக்கு இந்த விரிவு வரப்பிரசாதம். 1898-ல் தொடங்கிய ரோடியர் மில் உட்படப் பல பஞ்சாலைகளைக் கண்ட ஊர் புதுச்சேரி; “நாற்பதாம் நம்பர் நூல்” என்ற பேச்சு இங்கே புதிதல்ல. நம்பர் என்பது ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் (நூல் கற்றைகள்) எத்தனை என்ற கணக்கு. ஆலைச் சோதனைக்கூடத்தில் ஒரு பவுண்டு நூலை எடுத்து நிறுப்பதில்லை. 120 கஜம் சுற்றி எடுத்து, கால்வட்டத் தகடு உள்ள ஒரு சிறு ஊசல் தராசின் கொக்கியில் மாட்டுவார்கள். முள் நேராக நம்பரையே காட்டும். 120 கஜத்தின் எடை கிரெய்ன் கணக்கில் (ஒரு பவுண்டுக்கு 7000 கிரெய்ன்) எவ்வளவோ, 1000-ஐ அதனால் வகுத்தால் நம்பர். இருபதாம் நம்பர் நூல் 50 கிரெய்ன், நாற்பது 25 கிரெய்ன், எண்பது வெறும் பன்னிரண்டரை. நூல் மெல்லியதாக ஆக எடை பூஜ்யத்தை நோக்கிச் சுருங்குகிறது. வித்தியாசத்தைக் கண்ணால் பிடிப்பது கடினம். ஊசல் தராசு எந்த இடத்தில் மிக விரிவாகக் காட்டுகிறதோ, மெல்லிய நூலுக்கு அந்த இடம்தான் தேவை.

சரக்கு நிறுக்கும் இடத்தில் கதை வேறு. பண்ருட்டிப் பலாவை நிறுத்து 38 கிலோவா 39 கிலோவா என்று பார்க்க வேண்டியவருக்கு மேல்பக்கத்து நெருக்கம் தொல்லை. அதற்கு இரண்டு உத்திகள் சேர்ந்து உருவானவைதான் பெரிய டயல் தராசுகள்.

முதல் உத்தி: பாரத்தை நேராகக் கையில் தொங்கவிடாமல், வளைந்த ஓரம் உள்ள ஒரு தகட்டின் மேல் மெல்லிய எஃகு நாடாவைச் சுற்றி, அந்த நாடாவில் இழுக்க விடுவது. தகட்டின் வளைவை வேண்டிய மாதிரி வெட்டிவிட்டால், ஒவ்வொரு கிலோவுக்கும் முள் ஒரே அளவு நகரும். இரண்டாவது உத்தி: ஒரு குண்டுக்குப் பதில் இடமும் வலமும் இரண்டு குண்டுகள், எதிரெதிர்த் திசையில் விரியும்படி. இரண்டுக்கும் நடுவே ஒரு பல்சட்டம் மேலும் கீழும் போக, அது ஒரு சிறு பற்சக்கரத்தைச் சுழற்றி முள்ளை முழு வட்டம் வரவழைக்கும். தராசு ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் ஒரு குண்டு கூட்டிக் காட்டும், மற்றது குறைத்துக் காட்டும். நடுச்சட்டத்தில் இரண்டும் பெரும்பாலும் கழிந்துவிடும்.

1901-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் தொடங்கிய டொலிடோ தராசு நிறுவனம், ‘ஸ்பிரிங் இல்லை, நேர்மையான எடை’ என்ற பொருளில் விளம்பரம் செய்தே ஊசல் தராசுகளை விற்றது. அந்த விளம்பரத்தில் விஷயம் இருக்கிறது. ஸ்பிரிங் தராசு பூமி எவ்வளவு இழுக்கிறது என்பதை அளக்கிறது. ஊசல் தராசு ஒரு பொருளை ஒரு குண்டோடு ஒப்பிடுகிறது. புதுச்சேரியில் சரிபார்த்த ஸ்பிரிங் தராசைப் பாரிஸுக்குக் கொண்டுபோனால் அதே 10 கிலோ அங்கே ஏறத்தாழ 27 கிராம் கூடுதலாகக் காட்டும். துருவத்தை நோக்கிப் போகப் போக ஈர்ப்பு கூடுவதுதான் காரணம். ஊசல் தராசில் பொருளையும் குண்டையும் ஒரே ஈர்ப்புதான் இழுக்கிறது. இரண்டும் சமமாகக் கூடுவதால் முள் அசையாது. வெயிலும் அப்படியே. சூட்டில் எஃகு ஸ்பிரிங் இளகிக்கொடுக்கும். ஊசல் தராசில் இரண்டு கைகளும் ஒரே உலோகமாக இருந்தால் இரண்டும் ஒரே விகிதத்தில் நீளும், விகிதம் மாறாது.

திருகக்கூடியவை மூன்று, மூன்றும் வேறு வேறு வேலை

கட்டுரையின் கரு இதுதான். ஊசல் தராசில் கை வைப்பவர் முதலில் மனதில் பதிக்க வேண்டியது: முள் பூஜ்யத்தில் நிற்காததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, தராசே சாய்ந்து நிற்பது. மற்றது, தட்டும் எதிர்க்கல்லும் சமனாக இல்லாமல் இருப்பது. முதல் தவறு பாகையில் வரும். இரண்டாவது கிராமில் வரும். ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்தால், பூஜ்யத்தில் மட்டும் குணமானது போலத் தெரியும்.

அடியில் உள்ள கால்கள் சாய்வைத் திருத்துகின்றன. குட்டைக் கையிலுள்ள எதிர்க்கல் தட்டின் எடையைத் திருத்துகிறது: தட்டு மாற்றினாலோ, துருப்பிடித்தாலோ, மாவு அப்பிக்கொண்டாலோ இதைத்தான் நகர்த்த வேண்டும். குண்டுக் கையில் உள்ள நட்டு, குண்டை அச்சுக்கு அருகிலோ தள்ளியோ கொண்டுபோகிறது. முழு அளவின் விகிதத்தை அது மாற்றும். இந்த விகிதத்தை வீச்சு என்று சொல்வோம்.

குண்டைத் தள்ளிவைத்தால் முள் குறைவாக நகரும், அதாவது குறைவாகக் காட்டும்; அருகே இழுத்தால் கூட்டிக் காட்டும். நம் தராசில் 160 மி.மீ.-ல் ஒரு மி.மீ. என்பது 0.6 சதவீதத்துக்குச் சற்று மேல், 2 கிலோவில் 12.5 கிராம். ஆறு மி.மீ. திருகாணியில் சாதாரண மரை ஒரு சுற்றுக்கு ஒரு மி.மீ. நகரும். ஆகவே குண்டின் நட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 2 கிலோவில் 12.5 கிராம் வித்தியாசம். கால் சுற்றுக்கு 3 கிராம். எவ்வளவு மென்மையாகத் தொட வேண்டிய இடம் என்பது இதில் தெரியும். நட்டு தானாக நகராதபடி அதன் மேல் ஒரு செக் நட்டு (பூட்டு நட்டு) இறுக்கியிருப்பதும் இதற்காகத்தான்.

சில தராசுகளில் வேண்டுமென்றே பெரிய மாற்றம் செய்யவும் வழி உண்டு. 500 கிராம் குண்டை எடுத்துவிட்டு 1 கிலோ குண்டை அதே இடத்தில் மாட்டினால், 2 கிலோக் கோடு 4 கிலோக் கோடாகிவிடும். கடிதத் தராசுகளில் குண்டைத் திருப்பி வைத்தால் வீச்சு மாறும்படி செய்து, தகட்டில் இரண்டு வரிசை எண்கள் போட்டிருப்பார்கள். எந்த வரிசையைப் படிக்க வேண்டும் என்பது குண்டு நிற்கும் நிலையைப் பொறுத்தது. பழைய தராசு வாங்கினால் எண்கள் கிராமா அவுன்ஸா என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்; ஒரு அவுன்ஸ் 28.35 கிராம்.

பூஜ்யத்துக்குக் கல் வைக்கும் பழக்கம்

300 மி.மீ. அகல அடித்தளம் உள்ள நம் தராசின் ஒரு காலடியில் 5 மி.மீ. மரச் சில்லு சிக்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ ஒரு பாகைச் சாய்வு. குண்டு எப்போதும்போல நேராகத் தொங்கும், எண்தகடுதான் நகர்ந்துவிடும். முள் பூஜ்யத்துக்கு ஒரு பாகை கீழே நிற்கும். அது 35 கிராமுக்குச் சமம்.

வழக்கமாகச் செய்வது என்ன? தட்டின் அடியில் 35 கிராமுக்கு ஓர் இரும்புத் துண்டையோ காந்தத்தையோ ஒட்டிவிடுவது. முள் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இப்போது 2 கிலோ படிக்கல்லை வைத்துப் பாருங்கள்: தராசு 1965 கிராம் காட்டும்.

ஏன்? ஒரு பாகை என்பது பூஜ்யத்தில் 35 கிராம்தான். ஆனால் 45 பாகையில் கோடுகள் நெருங்கியிருப்பதால் அதே ஒரு பாகை அங்கே 70 கிராம். ஒட்டிய துண்டோ எல்லா இடத்திலும் 35 கிராம்தான் கொடுக்கும். மீதி 35 குறையும். இந்தக் குறையைப் பார்த்துவிட்டு, “சரி, குண்டைக் கொஞ்சம் மேலே ஏற்று” என்று அடுத்தவர் தொடங்குவார். 2 கிலோவில் சரியாகும், நடுவில் கெடும். சில்லை எடுத்திருந்தால் ஒரு நிமிட வேலை.

அதனால் ரசமட்டம் இல்லாமல் ஊசல் தராசைத் தொடக்கூடாது. சிமென்ட் தரையில் சமமாக நின்ற தராசை வாசலுக்கு நகர்த்தினால், வாசலின் தண்ணீர் வாட்டமே போதும் தவறு வர.

திருத்தும் வரிசை

தேவையானவை: ரசமட்டம், நூலில் கட்டிய தூக்குக்குண்டு, நம்பகமான 1 கிலோ படிக்கற்கள் இரண்டு, நட்டுக்கேற்ற ஸ்பேனர். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், தட்டில் காற்று பட்டாலே முள் அலையும்.

முதலில் ரசமட்டத்தை இரண்டு திசையிலும் வைத்துக் கால்களைத் திருகி மட்டம் பாருங்கள். பிறகு தட்டைத் துடைத்துக் காலியாக விட்டு, முள் நிற்கும்வரை காத்திருங்கள். பூஜ்யம் சரியாக இல்லை என்றால் உடனே எதையும் திருகாதீர்கள். குண்டுக் கைக்குப் பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, கை நூலுக்கு இணையாக இருக்கிறதா என்று பாருங்கள். இணையாக இருந்தும் முள் மட்டும் தவறி நின்றால், முள் வளைந்திருக்கிறது அல்லது அச்சில் வழுக்கியிருக்கிறது, முள்ளைத் திருத்துங்கள். கை நூலுக்கு இணையாக இல்லை என்றால், தட்டும் எதிர்க்கல்லும் சமனில்லை, எதிர்க்கல்லை நகர்த்துங்கள்.

பூஜ்யம் நின்றபின் 2 கிலோ வையுங்கள். கூடவோ குறையவோ காட்டினால் செக் நட்டைத் தளர்த்தி, குண்டைக் கால் சுற்றுக் கணக்கில் நகர்த்துங்கள். கூடக் காட்டினால் குண்டு கீழே போக வேண்டும், குறையக் காட்டினால் மேலே. ஒவ்வொரு தடவையும் பாரத்தை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தையும் பாருங்கள். குண்டை நகர்த்தும்போது பூஜ்யமும் சேர்ந்து நகர்ந்தால், தொடக்கத்தில் குண்டு நேராகத் தொங்கவில்லை என்று பொருள். முந்திய படிக்குத் திரும்பிப் போங்கள்.

கடைசியாக 1 கிலோ. இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், விடக் கூடாது. இரண்டு முனையும் சரி, நடுவில் மட்டும் தவறு என்றால் கைகளுக்கு இடையிலான 90 பாகை கெட்டிருக்கிறது. பாரக் கை ஒரே ஒரு பாகை மேல்நோக்கி வளைந்த தராசில் பூஜ்யத்தையும் 2 கிலோவையும் வம்படியாகச் சரிசெய்துவிட்டால், 1 கிலோவுக்கு 991 கிராம் காட்டும். இதை எந்த நட்டாலும் திருத்த முடியாது. தராசைக் கீழே போட்டவர்கள் முதலில் பார்க்க வேண்டிய சோதனை இது.

எல்லாம் சரியானதும் செக் நட்டை இறுக்கிவிட்டு மூன்று எடையையும் மறுபடி பாருங்கள். இறுக்கும்போதே குண்டு கால் சுற்று நகர்ந்துவிடுவது சகஜம்.

கடற்காற்றில் கெடுவது

கடலூர், புதுச்சேரியில் தராசுக்கு முதல் எதிரி உப்புக் காற்று. கத்திமுனையில் துரு ஏறினால் உராய்வு வரும். கண்டுபிடிக்க எளிய வழி: தட்டில் 1 கிலோ வைத்து, விரலால் லேசாக அழுத்தி மெதுவாக விடுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தட்டை லேசாகத் தூக்கி மெதுவாக விடுங்கள். இரண்டு தடவையும் முள் ஒரே இடத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் எங்கோ உராய்கிறது. இது இருக்கும்வரை எந்தத் திருகாணியைத் தொட்டும் பயனில்லை.

உராய்வு என்றதும் எண்ணெய் விடத் தோன்றும். கத்திமுனைக்கு எண்ணெய் கூடாது, கிரீஸ் கூடவே கூடாது. தூசியும் மாவும் ஒட்டிக் களிம்பாகிவிடும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உப்புத்தாளால் தேய்ப்பது இன்னும் பெரிய தவறு. பாரக் கையின் 40 மி.மீ. நீளம் இரண்டு கத்திமுனைகளின் விளிம்புகளுக்கு இடையே அளப்பது. ஒரு பக்கமாகத் தேய்த்து விளிம்பு 0.1 மி.மீ. நகர்ந்தாலும் 2 கிலோவில் 5 கிராம் போச்சு.

இரட்டைக் குண்டுத் தராசில் எஃகு நாடாவைப் பாருங்கள். ஓரிடத்தில் துரு தடித்திருந்தாலோ மடிப்பு விழுந்திருந்தாலோ முள் குறிப்பிட்ட ஒரு எடையில் மட்டும் துள்ளும், மற்ற இடங்களில் ஒழுங்காக ஓடும். மடிந்த நாடாவை நிமிர்த்திப் போடக் கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

முள் வெகுநேரம் ஆடிக்கொண்டே இருந்தால் உள்ளே உள்ள எண்ணெய்க் கிண்ணத்தைப் பாருங்கள். அசையும் சட்டத்தோடு இணைந்த ஒரு வட்டத் தகடு அந்த எண்ணெயில் முங்கியிருக்கும். ஆட்டத்தை அடக்குவது அதன் வேலை. எண்ணெய் குறைந்தால் ஆட்டம் நீளும், எண்ணெய் கெட்டியானால் முள் ஊர்ந்து வரும். இரண்டிலும் கடைசியில் நிற்கும் எண் மாறாது. தகடு கிண்ணத்தின் பக்கத்தில் உரசினால்தான் எடை தவறும்.

வீட்டிலோ சோதனைக்கூடத்திலோ வைத்திருக்கும் தராசை இப்படித் தாராளமாகத் திருத்தலாம். கடையில் விற்பனைக்குப் பயன்படும் தராசு அப்படியல்ல. சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-இன்படி அதில் சரிபார்ப்பு முத்திரை இருக்க வேண்டும்; பழுது பார்ப்பவருக்கும் உரிமம் வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை பார்க்கிறது. குண்டின் நட்டைத் தொட்ட பிறகு பழைய முத்திரையை நம்பி விற்கக் கூடாது. உரிமம் உள்ளவரிடம் பழுது பார்த்து, படிக்கற்களையும் தராசோடு எடுத்துப்போய், மறுமுத்திரை வாங்கிய பிறகே அதில் சரக்கு நிறுக்க வேண்டும்.